கடைத்தெருவும் பத்திரிகைச் சுதந்திரமும்

நமது நேயர்களில் பலர் பத்திரிகையைக் கையில் எடுத்ததும் தலையங்கத்தையும் அரசியல் செய்திகளையும் படித்து முடித்துவிட்டு, விளம்பரங்கள் உள்ள பக்கங்களைக் கண்ணெடுத்தும் பாராமல் புரட்டிவிடுகின்றனர். ஜவுளிக் கடையின் ஆடித் தள்ளுபடிக்கும் தேசத்தின் பொதுவாழ்வுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. அந்த எண்ணத்தை நாம் மறுக்கிறோம். ஒரு ஜில்லாவின் பத்திரிகை யாருடைய பணத்தால் நடைபெறுகிறது என்ற கேள்வியும், அந்த ஜில்லாவில் யார் செய்யும் தவறு வெளிப்படும், யார் செய்யும் தவறு மறைக்கப்படும் என்ற கேள்வியும் வேறு வேறு கேள்விகள் அல்ல. ஆகவே, உள்ளூர் வியாபாரிகள் தங்கள் விளம்பரங்களை உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு அளிக்க வேண்டும் என்பது வர்த்தகத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. ஜனநாயகத்தைப் பற்றிய பேச்சுமாகும். அதனை இன்று சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

மூன்று கைகள்

சிறு பத்திரிகைக்கு வாசகர் கொடுக்கும் விலை அதன் அடக்கச் செலவை ஈடு செய்வதில்லை என்பது தொழிலை அறிந்தவர் யாவருக்கும் தெரியும். காகிதம், மை, அச்சுக் கூலி, நிருபர்களின் சம்பளம், ஏஜெண்டுகளின் கமிஷன், பொழுது விடியுமுன் கட்டுகளை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கும் வண்டிச் செலவு ஆகிய அனைத்தையும் விற்பனை வரவிலிருந்தே எடுக்க வேண்டுமானால், பத்திரிகையின் விலை ஏழை வாசகரின் கைக்கு எட்டாததாகிவிடும். துண்டு விழும் தொகையை யாராவது கொடுத்தே தீர வேண்டும்.

கொடுக்கக் கூடிய கைகள் மூன்று. ஒன்று ராஜாங்கத்தின் கை. மற்றொன்று பெரிய முதலாளியின் கை, அல்லது அரசியல் கட்சியின் கை. மூன்றாவது ஊர்க் கடைத்தெருவின் கை. முதல் இரண்டும் தாராளமான கைகளே. ஆனால் கொடுத்த கையே கழுத்தையும் பிடிக்கும் என்பதைச் சரித்திரம் பலமுறை காட்டியிருக்கிறது. 1975-ம் ஆண்டில் நெருக்கடி நிலை பிரகடனமான பிறகு, அதிகாரத்துக்கு இணங்காத பத்திரிகைகளுக்கு அரசாங்க விளம்பரங்கள் நிறுத்தப்பட்டதை நாடு மறந்துவிடவில்லை. தணிக்கை அதிகாரி ஆசிரியரின் பேனாவைப் பிடித்தார். விளம்பர அதிகாரி பத்திரிகையின் கல்லாப் பெட்டியைப் பிடித்தார். இரண்டாவது பிடி முதற் பிடிக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று.

கடைத்தெருவின் கையோ ஒரு கையன்று. பல நூறு கைகள். மளிகைக் கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், விதை வியாபாரி, அச்சகத்தார், கல்யாண மண்டபத்தார், தனிப்பயிற்சி நடத்தும் வாத்தியார் ஆகியோரில் ஒருவர் கோபித்துக்கொண்டு விளம்பரத்தை நிறுத்தினாலும் மற்றையோர் இருப்பர். நூறு பேரிடம் தலைக்குச் சிறு தொகை பெற்று வாழும் பத்திரிகைக்கு எஜமானர் எவருமில்லை. ஒருவரிடமே நூறு பங்கும் பெற்று வாழும் பத்திரிகைக்கு எஜமானர் உண்டு. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

பழைய பாடம்

இந்திய தேசத்தில் அச்சாகி வெளிவந்த முதற் பத்திரிகையை 1780-ம் ஆண்டு ஜனவரி மாதம் 29-ந் தேதி கல்கத்தாவில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்பவர் தொடங்கினார். அதன் பெயர் ‘பெங்கால் கெஜட்’. ‘கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்’ என்பது அதன் மறுபெயர். ‘அட்வர்டைசர்’ என்றால் விளம்பரம் செய்வது என்பதே பொருள். ஆகவே, நம் நாட்டுப் பத்திரிகைத் தொழில் பிறக்கும்போதே விளம்பரத்தைப் பெயரில் சூடிப் பிறந்தது. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையும் அவரைச் சூழ்ந்தவர்களையும் ஹிக்கி தாக்கி எழுதலானார். உடனே அதிகாரிகள் அவரது பத்திரிகை தபால் மூலம் செல்லாதபடி தடுத்தனர். அவர் சிறை புகுந்தார். 1782-ம் ஆண்டில் அச்சுச் சாமான்களும் பறிபோய்ப் பத்திரிகை நின்றது. ஹிக்கியின் நடையிலும் நாகரிகத்திலும் குறை காண்போர் உண்டு. எனினும் பத்திரிகையை அடக்க நினைக்கும் அதிகாரம் முதலில் அதன் வருவாயின் வழிகளையே அடைக்கும் என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

பிற்காலத்தில், 1878-ம் ஆண்டின் தேசபாஷைப் பத்திரிகைச் சட்டமும், 1910-ம் ஆண்டின் பத்திரிகைச் சட்டமும் இதே வழியைப் பின்பற்றின. ஜாமீன் தொகை கட்டு, இல்லையேல் அச்சுக்கூடத்தை மூடு என்பதே அச்சட்டங்களின் கட்டளை. பணமின்றித் தவித்த சுதேசப் பத்திரிகைகளுக்கு இந்த ஜாமீன் மரண தண்டனைக்குச் சமமாயிற்று. அத்தகைய நாட்களிலும் பத்திரிகைகள் உள்நாட்டுத் தொழிலுக்குச் செய்த உதவி சிறிதன்று. 1906-ம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவியபோது, அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்றும், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்றும் திட்டமிடப்பட்டது. ஒருவரே கொடுக்கக் கூடிய தொகையாக அஃது இல்லை. பலர் சேர்ந்து கொடுக்க வேண்டிய தொகையாகவே அமைந்தது. அவ்வாண்டில் தொடங்கிய ‘இந்தியா’ பத்திரிகையில் பாரதியார் அம்முயற்சிக்கு ஆதரவு தேடி எழுதினார். சுதேசித் தொழிலும் சுதேசப் பத்திரிகையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

இங்கே நேயர்கள் ஓர் ஆட்சேபத்தை எழுப்பலாம். மகாத்மா காந்தி தமது பத்திரிகைகளில் விளம்பரமே வேண்டாம் என்று விலக்கினாரன்றோ? உண்மைதான். 1903-ம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனிய’னில் முதலில் விளம்பரங்கள் வந்தன, பின்னர் அவர் அவற்றை நிறுத்தினார். ‘யங் இந்தியா’விலும் அவ்வாறே விளம்பரம் இன்றி நடத்தினார். விளம்பரம் சேகரிப்பதில் ஒரு நல்ல தொண்டரின் காலம் வீணாவதையும், எதை ஏற்பது எதை மறுப்பது என்ற ஓயாத சங்கடத்தையும் அவர் காரணமாகக் கூறினார். பத்திரிகை வேண்டுமென்று ஜனங்கள் நினைத்தால் சந்தா கொடுத்து அதைக் காப்பாற்றட்டும் என்பது அவர் கொள்கை.

அந்தக் கொள்கைக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் காந்தியடிகளின் எழுத்தைப் படிக்கத் தேசம் முழுவதும் காத்திருந்தது. ஒரு தாலூகாவின் குடிநீரையும் குளத்தையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி எழுதும் பத்திரிகைக்கு அந்தத் தாலூகாவே உலகம். அதன் சந்தாதாரர் சில ஆயிரவரைத் தாண்டார். அப்பத்திரிகைக்கு விளம்பரம் வேண்டாம் என்று சொல்வது, அதனை ராஜாங்கத்திடமோ பிரபுக்களிடமோ போய்ப் பிச்சை எடு என்று சொல்வதாகவே முடியும். விளம்பரம் வேண்டுமா வேண்டாமா என்பது இப்போது கேள்வியன்று. யாரிடமிருந்து, எந்த நிபந்தனையில் என்பதே கேள்வி.

ஆந்திர தேசத்து அனுபவம்

இக்கேள்விக்கு அனுபவத்தில் விடை கண்ட இடம் நமது அண்டை நாடான ஆந்திர தேசமாகும். 1974-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி, காலஞ்சென்ற ராமோஜி ராவ் விசாகப்பட்டினத்தில் ‘ஈநாடு’ என்னும் தெலுங்குத் தினசரியைத் தொடங்கினார். அதற்கு முன் அந்நகரத்தார் விஜயவாடாவிலிருந்து வரும் பத்திரிகைகளைப் பொழுது நன்றாக ஏறிய பிறகே படிக்க முடிந்தது. ‘ஈநாடு’ விடியுமுன் வீட்டு வாசலில் விழுந்தது. விசாகப்பட்டினத்துச் செய்தியை விசாகப்பட்டினத்தாருக்குச் சொன்னது.

1989-ம் ஆண்டில் அப்பத்திரிகை இன்னும் ஒரு படி சென்றது. அக்காலத்து ஆந்திரப் பிரதேசத்தில் 23 ஜில்லாக்கள் இருந்தன. மாகாணம் முழுவதற்கும் பொதுவான பத்திரிகையுடன், ஒவ்வொரு ஜில்லாவுக்கும் தனியே சிறு அளவில் ஓர் இணைப்பை அச்சிட்டு, அதனை அந்த ஜில்லாவுக்குள் மட்டும் விநியோகிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. இதற்காகச் சிற்றூர்களிலும் பகுதி நேர நிருபர்கள் நியமிக்கப்பட்டனர். இந்த ஏற்பாட்டின் பொருளாதாரம் கவனிக்கத் தக்கது. மாகாணப் பதிப்பில் விளம்பரம் செய்யும் சக்தி ஒரு சிறு பட்டணத்துச் செருப்புக் கடைக்காரருக்கு ஒருநாளும் இல்லை. ஜில்லா இணைப்பிலோ, அந்த ஜில்லாவில் விற்கும் பிரதிகளுக்கு உரிய குறைந்த கட்டணத்தைக் கொடுத்தாற் போதும். அதுவரை நோட்டீசு அச்சிட்டும், சுவரில் எழுதியும், ஒலிபெருக்கி வைத்த வண்டியை அனுப்பியும் வியாபாரம் செய்தவர்கள் முதன் முறையாகப் பத்திரிகையின் விளம்பரதாரர்கள் ஆயினர். அவர்கள் கொடுத்த சிறு தொகைகள் சேர்ந்து ஜில்லாச் செய்திக்கு வேண்டிய செலவைத் தாங்கின. பிற மொழிப் பத்திரிகைகளும் ஜில்லாப் பக்கங்களின் பலனை உணரலாயின.

இதனால் பொது ஜனங்களுக்கு விளைந்த நன்மை யாது? 1990-களின் தொடக்கத்தில், நெல்லூர் ஜில்லாவில் துபகுண்டா என்னும் கிராமத்துப் பெண்கள், எழுத்தறிவு இயக்கத்தில் படித்த பாடத்தால் ஊக்கம் பெற்று, தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட எழுந்தனர். 1992-ம் ஆண்டில் அந்தக் கிளர்ச்சி கிராமம் கிராமமாகப் பரவியது. தலைநகரத்துப் பத்திரிகையின் கண்ணில் ஒரு கிராமத்துப் பெண்களின் சண்டை செய்தியாகவே பட்டிராது. ஜில்லாப் பக்கங்களை உடைய ‘ஈநாடு’ அச்செய்திகளை விரிவாகப் பிரசுரித்தது; ஒரு கிராமத்தின் துணிவு அடுத்த கிராமத்துக்குத் தெரிந்தது. 1993-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து மாகாணம் முழுவதும் சாராய விற்பனை தடுக்கப்பட்டது. சாராயக் குத்தகைதாரர்கள் தங்கள் தங்கள் ஊர்களில் செல்வாக்கு மிக்க பெரிய மனிதர்கள் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அத்தகைய ஒருவரின் பணத்தையே நம்பி நடக்கும் பத்திரிகை அந்தப் பெண்களின் பக்கம் நின்றிருக்குமா என்பதை அவரவர் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறோம்.

அந்தப் பத்திரிகையின் அரசியல் சார்பைப் பற்றி அபிப்பிராய பேதங்கள் உண்டு. ஒரு ஜில்லாச் செய்தி அடுத்த ஜில்லாவுக்குத் தெரியாமல் போகிறது என்ற குறையும் ஜில்லா இணைப்புகளைப் பற்றிக் கூறப்பட்டது, அதுவும் நியாயமானதே. ஆயினும், சிறு கடைக்காரரின் விளம்பரம் ஒரு ஜில்லாவுக்குத் தனக்கென ஒரு பத்திரிகையை உண்டாக்கிக் கொடுக்கும் என்பது அங்கே ருசுவாயிற்று. சென்னைப் பட்டணத்திலும் 1990-களில் தோன்றிய மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் போன்ற பேட்டைப் பத்திரிகைகள், இங்கிலீஷில் அச்சாகி, வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டன. வாசகரிடம் காசு வாங்காத அப்பத்திரிகைகளைத் தாங்கியவை அந்தந்தப் பேட்டைக் கடைகளின் விளம்பரங்களே. பேட்டைக்கு முடிந்தது தாலூகாவுக்கு முடியாதா?

வியாபாரியின் கணக்கு

தர்மத்துக்காக விளம்பரம் கொடுங்கள் என்று வியாபாரிகளை நாம் கேட்கவில்லை. தர்மத்தால் நடக்கும் பத்திரிகை நெடுநாள் நடவாது. அவர்களுடைய லாபக் கணக்கையே பார்ப்போம்.

பத்திரிகை விளம்பரத்துக்குக் கட்டணம் சதுர சென்டிமீட்டர் வீதம் கணக்கிடப்படுகிறது. 8 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள விளம்பரம் 80 சதுர சென்டிமீட்டர். அந்த இடத்தின் விலை, பத்திரிகை எத்தனை பிரதிகள் விற்கிறது என்பதைப் பொறுத்தது. தென்காசியில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். மாகாணம் முழுவதும் 2,00,000 பிரதிகள் செல்லும் ஒரு பத்திரிகையின் எல்லாப் பதிப்புகளிலும் அவர் விளம்பரம் செய்கிறார். அவற்றுள் 4,000 பிரதிகள் மட்டுமே அவரது தாலூகாவில் விற்கின்றன எனக் கொள்வோம். அப்படியானால் அவர் 50 பிரதிகளுக்குப் பணம் கொடுத்து ஒரு பிரதியின் பலனைப் பெறுகிறார். ஓசூரிலும் கடலூரிலும் உள்ள வாசகர் அவர் கடைக்குப் புடவை வாங்க ரயிலேறி வரப் போவதில்லை. தாலூகாவுக்குள்ளேயே 3,000 பிரதிகள் விற்கும் பத்திரிகையில் அவர் கொடுக்கும் ஒவ்வொரு காசும் தமது கடை வாசலைத் தாண்டிச் செல்லும் மனிதரையே சென்று சேர்கிறது. பெரிய தினசரிகளே இந்த உண்மையை உணர்ந்து பதிப்புவாரியாகவும் ஜில்லா இணைப்புகளிலும் இடம் விற்கின்றன.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் சிறு பத்திரிகைகள் புறக்கணிக்கப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. விளம்பரக் கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 15 கமிஷன் தருவது நெடுநாளைய வழக்கம். ஒரு லட்சம் ரூபாய் விளம்பரத்தில் கம்பெனிக்கு 15,000 ரூபாய் கிடைக்கிறது. ஆயிரம் ரூபாய் விளம்பரத்தில் 150 ரூபாயே கிடைக்கிறது. இரண்டுக்கும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இடைத்தரகர் சிறு பத்திரிகையைச் சிபாரிசு செய்வார் என்று எதிர்பார்ப்பது வீண். வியாபாரியும் பத்திரிகை மானேஜரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதே வழி. அவர்கள் இருக்கும் இடங்களுக்கு நடுவே இரண்டு தெருக்களே உள்ளன!

கைப்பேசியில் விளம்பரம் செய்தால் இன்னும் மலிவு, கடையைச் சுற்றிச் சில மைல்களுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம் என்று இளைய வியாபாரிகள் கூறுகின்றனர். அதில் உண்மை உண்டு. அதைக் கைவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒன்றை அவர்கள் யோசிக்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்குச் செல்லும் அந்த ரூபாய், அவர்களுடைய ஊர் நகராட்சிக் கூட்டத்துக்கு ஒரு நிருபரையும் அனுப்பாது. கடைக்கு முன்னுள்ள சாக்கடை மாதக் கணக்கில் தேங்கி நின்றால் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாது. உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கொடுக்கும் ரூபாய் வாடிக்கைக்காரரையும் கொண்டு வருகிறது, ஊரையும் காக்கிறது.

சட்டம் அறிந்த உண்மை

உள்ளூர் ஜனங்களை எட்ட உள்ளூர்ப் பத்திரிகையே சாதனம் என்பதை நமது சட்டங்கள் வெகு நாளாக அறிந்திருக்கின்றன. பிரதிவாதிக்குச் சம்மனை நேரில் சார்வு செய்ய இயலாதபோது, அவர் கடைசியாக வசித்த பிரதேசத்தில் வழங்கும் தினசரியில் விளம்பரம் செய்யும்படி கோர்ட்டு உத்தரவிடலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 5-வது ஆர்டர் கூறுகிறது. பொதுக் காரியத்துக்காக நிலத்தை எடுக்கும்போது, அப்பிரதேசத்தில் வழங்கும் இரண்டு தினசரிகளில் அறிவிப்பு வர வேண்டும், அவற்றுள் ஒன்று பிரதேச பாஷையில் இருக்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் விதிக்கிறது. ஒரு குடியானவரின் நிலம் போகும் செய்தி அவருக்கு எட்டும் வழி இதுவே என்று சட்டம் கருதுமானால், விதை நெல் விற்பவர் மட்டும் வேறு வழி தேடுவானேன்?

விளம்பரத்துக்கும் பேச்சுச் சுதந்திரத்துக்கும் உள்ள உறவையும் நமது சுப்ரீம் கோர்ட்டு நிலைநாட்டியிருக்கிறது. புனாவில் 1932-ம் ஆண்டு முதல் வெளிவரும் ‘சகாள்’ என்னும் மராத்தி தினசரி தொடுத்த வழக்கு, 1962-ம் ஆண்டுச் சட்டத் தொகுதிகளில் இடம் பெற்றுள்ளது. இன்ன விலைக்கு இத்தனை பக்கந்தான், விளம்பரத்துக்கு இவ்வளவு இடந்தான் என்று அரசாங்கம் வரையறுக்க முயன்றது. விளம்பரத்தைக் குறைத்தால் விலை ஏறும், விலை ஏறினால் வாசகர் குறைவர், வாசகர் குறைந்தால் கருத்தைப் பரப்பும் உரிமை குறுகும் என்று கோர்ட்டு கண்டு, அவ்விதிகளைச் செல்லாதனவாக்கியது. மாகாண மொழிப் பத்திரிகை ஒன்று தேசத்தின் பத்திரிகைகள் அனைத்துக்கும் தேடித் தந்த வெற்றி அது. 1995-ம் ஆண்டின் டாட்டா பிரஸ் வழக்கிலோ, வியாபார விளம்பரமும் பேச்சுச் சுதந்திரத்தின் ஒரு பகுதியே என்று அக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஏமாற்றும் விளம்பரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சேர்த்தே கூறியது.

பத்திரிகைகளின் கடமை

வியாபாரிகளுக்கு உபதேசம் செய்துவிட்டு நமது தொழிலைச் சேர்ந்தவர்களை விட்டுவிடுவது நேர்மையாகாது. உள்ளூர்ப் பத்திரிகை என்ற பெயரைக் கேட்டதும் வியாபாரிகளில் சிலர் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. விளம்பரம் தராவிட்டால் அவதூறு எழுதுவோம் என்று மிரட்டும் பேர்வழிகள் இந்தத் தொழிலில் புகுந்திருக்கின்றனர். வாழ்த்து விளம்பரம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஐந்நூறு பிரதிகள் மட்டும் அச்சிட்டு, ஐயாயிரம் என்று பில் அனுப்புவோரும் உளர். இவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்லர்.

ஆகவே, முதற் கடமை உண்மையான பிரதிக் கணக்கு. இதற்காகவே 1948-ம் ஆண்டில் பிரதிகளைத் தணிக்கை செய்யும் ஸ்தாபனமாகிய ஆடிட் பீரோ ஆப் சர்க்குலேஷன்ஸ் நமது நாட்டில் நிறுவப்பட்டது. அதில் சேரச் சக்தியில்லாத சிறு பத்திரிகை, அச்சகப் பில்லையும் ஏஜெண்டுகளின் கணக்கையும் விளம்பரதாரர் பார்க்கும்படி திறந்து வைக்கலாம். மத்திய அரசாங்கத்தின் விளம்பர விதிகளில் 25,000 பிரதிகள் வரை விற்பது சிறு பத்திரிகை என்றே வகுக்கப்பட்டிருக்கிறது. சிறியதாக இருப்பதில் வெட்கமில்லை, பெரியதாக வேஷம் போடுவதிலேயே வெட்கம்.

இரண்டாவது கடமை, விளம்பரத்தை விளம்பரம் என்றே காட்டுவது. செய்தியின் உடையில் விளம்பரத்தை உலவ விடுவது வாசகரை ஏமாற்றுவதாகும். தேர்தற் காலத்தில் வேட்பாளரிடம் பணம் பெற்று அவர் புகழைச் செய்தியாகப் போடும் வழக்கத்தைக் குறித்து, 2010-ம் ஆண்டில் இந்தியப் பிரஸ் கவுன்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2011-ம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்துச் சட்டசபை அங்கத்தினர் ஒருவர், இவ்வாறு செய்தியாக வந்த விளம்பரத்தின் செலவைத் தேர்தல் கணக்கில் காட்டாததற்காக, மூன்று வருஷங்களுக்குத் தகுதியிழந்தார். தண்டனை வேட்பாளருக்குக் கிடைத்தது. பழியில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு.

மூன்றாவது கடமை, தகாததை மறுப்பது. தீராத நோய்களைத் தீர்ப்பதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954-ம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. வாசகரைப் பிழையான வழியில் செலுத்தும் விளம்பரங்களுக்கு 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடந்தருகிறது. சட்டத்தின் பயத்தால் மட்டுமன்றி, ஊராரின் முகத்தைப் பார்த்தும் உள்ளூர் ஆசிரியர் இவற்றை மறுக்க வேண்டும். போலிச் சீட்டுக் கம்பெனியின் விளம்பரத்தை நம்பிப் பணத்தை இழந்த விதவை, நாளைக் காலையில் அவர் வீட்டு வாசலிலேயே வந்து நிற்பாள். தலைநகரத்துப் பத்திரிகைக்கு இல்லாத இந்தப் பொறுப்பே உள்ளூர்ப் பத்திரிகையின் மதிப்புக்கு ஆணிவேர்.

பத்திரிகை இல்லாத ஊர்

கடைத்தெரு கைவிட்டால் நேரும் கதியை அறிய அமெரிக்க நாட்டைப் பார்க்கலாம். 2005-ம் ஆண்டுக்கும் 2024-ம் ஆண்டுக்கும் இடையே அந்நாட்டுப் பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டன. வரி விளம்பரங்களும் கடை விளம்பரங்களும் இணையத்துக்குச் சென்றது இதற்குரிய பெருங் காரணங்களுள் ஒன்று. காலிபோர்னியாவில் பெல் என்னும் சிறு நகரம் உள்ளது. 2010-ம் ஆண்டில் அதன் ஜனத்தொகை ஏறக்குறைய 35,000. உழைத்துப் பிழைக்கும் ஏழை ஜனங்களே அங்கு மிகுதி. அந்நகர நிர்வாகத்தை நாள்தோறும் கவனித்து எழுதும் உள்ளூர்ப் பத்திரிகை அங்கே அப்போது இல்லை. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர்கள் ஆராய்ந்து பார்த்தபோது, அந்நகர மானேஜர் வருஷத்துக்கு ஏறக்குறைய 8,00,000 டாலர் சம்பளம் பெற்று வந்தது வெளியாயிற்று. அது அந்நாட்டு ஜனாதிபதியின் சம்பளத்தைப் போல் இரு மடங்கு! பின்னர் அம்மனிதர் சிறை புகுந்தார். ஆனால் அத்தனை ஆண்டுகள் அந்த ஏழை நகரத்தார் கொடுத்த வரிப்பணம்? அதில் ஒரு சிறு துளியே ஒரு நிருபரின் சம்பளத்துக்குப் போதுமானதாயிருந்திருக்கும்.

நமது முனிசிபாலிட்டிகளிலும் பஞ்சாயத்து யூனியன்களிலும் யாரும் பார்க்காதபோது என்னென்ன நடக்கக் கூடும் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

செய்ய வேண்டுவது

வியாபாரிகளுக்கு நமது யோசனை இது. வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளி மலரில் முழுப் பக்கம் வாழ்த்துப் போடுவதை விட, வாரந்தோறும் ஒரு சிறு கட்டத்தில், பொருளின் பெயரும் விலையும் கடை விலாசமும் தெளிவாக வருவது பயனுள்ளது. ஆடிப் பட்டத்தில் விதையும், ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகமும், கல்யாண மாதங்களில் பாத்திரமும் ஜவுளியும் என்று காலமறிந்து விளம்பரம் செய்க. வருகிற வாடிக்கைக்காரரை, எங்கே பார்த்து வந்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக் கொள்க. மூன்று மாதத்தில் பலன் தெரியும். பலனில்லையேல் நிறுத்திவிடுக. ஆனால் பத்திரிகையில் வந்த ஒரு செய்தி பிடிக்கவில்லை என்பதற்காக நிறுத்தாதிருக்க. நீங்கள் வாங்குவது இடத்தை, ஆசிரியரை அன்று.

அரசியல் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி முழங்குவது எளிது. உங்கள் தாலூகாவில் நடக்கும் பத்திரிகை எது, அதன் சந்தாப் பட்டியலில் உங்கள் பெயர் உண்டா, வர்த்தக சங்கத்தாரிடம் அதைப் பற்றி ஒரு நாளேனும் பேசியதுண்டா என்று உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். ஆனால் கட்சியின் பேரால் அதற்குப் பணம் திரட்டிக் கொடுக்காதீர்கள். அது உதவியன்று, விலங்கு.

நம் நாட்டில் சர்க்காரை எதிர்த்துச் சிறை சென்ற ஆசிரியர்கள் பலர் உண்டு. அவர்களுடைய தியாகத்தால் கிடைத்த சுதந்திரத்தை இன்று சிறைச் சாலையில் நின்று காக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேர்வதில்லை. கடைத்தெருவில் நின்று காக்க வேண்டியிருக்கிறது. ஊருக்கு நூறு கடைகள் வாரத்துக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், எவருக்கும் தலை வணங்காத ஒரு பத்திரிகை அந்த ஊரில் நிலைத்து நிற்கும். இது பெரிய காரியமன்று. ஆனால் இது இல்லாமல் பெரிய காரியம் எதுவும் நடவாது. வர்த்தக சங்கங்கள் தங்கள் அடுத்த கூட்டத்தில் இவ்விஷயத்தை எடுத்து ஆலோசிக்கும் என நம்புகிறோம்.